உப்புப் படாத சிவப்பு

என் சமையலறையில் உப்பு ஜாடி ஒரு சுவரில் இருக்கிறது. எதிர்ச் சுவரின் மேல்தட்டில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் நான் ஒருநாளும் வைத்ததில்லை. குப்பிக்குள் இருப்பது சிவப்புத் தண்ணீர். மாதுளம்பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் வருமே, அந்தச் சிவப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் நகப்பூச்சு என்கிறார்கள், இருமல் மருந்து என்கிறார்கள். காலாவதியாகியிருக்கும், தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று மருமகள் இரண்டொரு தடவை கேட்டாள். அதற்குள் இருப்பது தங்கம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் இப்போதெல்லாம் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

குப்பியைக் கொடுத்தது மேடம். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, காய்கறி வாங்கிக் கட்டி அனுப்புகிற ஒரு கம்பெனி அப்போது இருந்தது. பெங்களூர்ப் பெரிய கடைகளுக்கும் கப்பலுக்கும் சரக்கு அங்கிருந்து போகும். நாற்புறமும் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஜன்னலைத் திறந்தால் செம்மண் தூசி வந்து தக்காளி மேல் படியும். என் வீட்டுக்காரர் முதுகுவலியால் ஃபேக்டரி வேலையை விட்டு நின்றபோது நான் ஒசூரிலிருந்து கம்பெனி வண்டியில் அங்கே பீன்ஸ் பொறுக்கப் போனேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு நாக்கு எழாது. உடன் வேலை செய்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சரக்கில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று சோதிக்கிற மேடம் வந்து, கண்ணாடிச் சாமான் கழுவ நிதானமான கை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, "இந்தம்மாவக் கூட்டிக்கினு போங்க மேடம், பேச்சும் வராது, சாமானும் உடையாது" என்று என்னைத்தான் தள்ளி விட்டார்கள். அப்படித்தான் நான் மேடத்தின் சின்னச் சோதனை அறைக்குள் போனேன்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம், நல்ல உயரம். வயதில் எனக்கு மகள் மாதிரி, ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். "அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய" என்றுதான் எதையும் ஆரம்பிக்கும். அந்தப் பேச்சைக் கேட்க கேட் வாட்ச்மேன்கள் வேண்டுமென்றே எதையாவது கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். முதல் நாளே என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தது. பிறகு, "அக்கா, இந்த ரூமுக்குள்ள உப்பு மட்டும் வரவே கூடாது. ஊறுகா தொட்ட கை வேண்டாம். வேர்த்த கை வேண்டாம். போர் தண்ணியும் வேண்டாம், அதிலயும் உப்பு இருக்கு" என்றது. பேட்டரிக்கு ஊற்றுகிற மாதிரியான சுத்தத் தண்ணீர் கேன்களில் வரும். தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தில் முதல் கழுவலை மேடமே கழுவும், புகை எழும்பும், அந்த நேரம் என்னை உள்ளே விடாது. அதற்குப் பிறகு கேன் தண்ணீரில் நான் அலசி அலசி வைக்க வேண்டும். மத்தியானச் சோற்றை மேடம் ஸ்பூனில்தான் சாப்பிடும். வாட்ச்மேன் கேட்டதற்கு, "கைல உப்பு பட்டா எந் தங்கம் கோவிச்சுக்கிடும்" என்றது. அவர் விடவில்லை. "அந்தத் தங்கத்துல ரெண்டு சொட்டு குடு மேடம், என் பொண்டாட்டிக்கு மூக்குத்தி பண்ணிக்கறன்."

அந்தத் தங்கத்தண்ணீரை மேடம் காய்ச்சுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. வெளிறின மஞ்சளாக ஒரு தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் எலுமிச்சைப் புளிப்பிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றைக் கரைத்து ஊற்றும். முதலில் நிறமே இல்லாமல் போகும். பிறகு அடுப்புக்கரி கரைத்த மாதிரி கறுக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் உள்ளேயிருந்து சிவப்பு எழும்பி வரும். மஞ்சளாக இருக்கிற தங்கம் எப்படி மேடம் சிவப்பாகும் என்று, எனக்கே ஆச்சரியமாக, ஒருநாள் வாய் விட்டுக் கேட்டுவிட்டேன். "பொடிசு பண்ணிட்டோம்லா அக்கா. கண்ணுக்கே தெரியாத பொடிசு. அந்தப் பொடிசெல்லாம் தள்ளித் தள்ளி நிக்கிற வரைக்கும் செவப்பு. பூச்சிமருந்து பட்டுதுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒட்டுனா நீலம்." கொத்தமல்லியோ குடமிளகாயோ, கொஞ்சம் நறுக்கித் தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிகட்டி, அந்தச் சாற்றைச் சொட்டு சொட்டாகச் சிவப்பில் விடும். சிவப்பு சிவப்பாகவே நின்றால் சரக்கு உள்ளே போகும். கத்தரிப்பூ நிறமாகி நீலமானால் வண்டி திரும்ப வேண்டியதுதான். பெங்களூரில் பெரிய மெஷின் இருக்கிறது, ஆனால் அது பதில் சொல்வதற்குள் கீரை அழுகிவிடும். மேடத்தின் தண்ணீர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும். விவசாயிகள் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "செவப்பா, நீலமா?" என்று பின்னாலிருக்கிறவன் கேட்பான். "உன் மாமனார் மூஞ்சி மாதிரி செவந்துதான் கீது, போ" என்பான் முன்னாலிருக்கிறவன்.

கொத்தமல்லிக்காரர் ஒருவர் இருந்தார், நாட்றாம்பாளையம் பக்கம். காட்டோரத்து நிலம், ஒரு கிணறு, நாலைந்து மாடு. அந்த மேட்டு ஊர்களில் மருந்து வாடை அவ்வளவாகப் பட்டிருக்காது என்று மேடமே பஸ் பிடித்துப் போய் ஆள் தேடியது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனது. அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்தடிக்காம வெச்சா அசுவினிப் பூச்சி ஏறிக்குமேம்மா. ஏறினா நீங்களும் வாங்க மாட்டீங்க, மாடும் திங்காது. அடிக்கலன்னு நான் சொன்னா யார் நம்பறாங்க?" என்றார். மேடம் அவருடைய வரப்பில் நின்றுகொண்டு, "நீங்க சொல்லவே வேண்டாம் அண்ணாச்சி. எந் தண்ணி உங்களுக்குச் சாட்சி சொல்லும்" என்றது. அந்த வார்த்தைக்குத்தான் அவர் ஒத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டவள். அவருடைய வீட்டம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து, "தண்ணி சாட்சி சொல்லுதாமே, நம்மூரு பஞ்சாயத்துல மனுசனே சொல்ல மாட்டேங்கறான்" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. போகும்போது என் மடியில் அவரைக்காய் கட்டிவிட்டாள். அவள் தாய்வீடு கர்நாடகத்துப் பக்கம். தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், சந்தோஷமோ கோபமோ மிஞ்சிப் போனால் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள்.

அவர் சொன்ன சொல் காப்பாற்றினார். அந்தப் போகம் முழுக்க மருந்துக் கேனைத் தொடவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கேலி பேசினார்களாம். முதல் சரக்கு நல்லபடி இறங்கினால் வருடம் முழுக்க வாங்குவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. நீலமானால் அந்த வருடத்துக்கு அந்த ஆளிடம் வாங்குவதில்லை என்பதும் கம்பெனியின் சட்டம். டெம்போ வந்த அன்று வீட்டம்மாவும் கூடவே வந்திருந்தாள், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு. கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. என்னை ஓரமாக இழுத்து, "அக்கா, ஒரு அசுவினி இருந்தா காட்டுங்க பாக்கலாம். மருந்தடிக்காததுக்கு மொய்ச்சுக்கினு இருந்துச்சு. தொட்டி நிறையக் கல்லுப்பைக் கரைச்சு ஒவ்வொரு கட்டா நானே முக்கி முக்கி எடுத்தேன். கை மரத்துப்போச்சு" என்று கையைக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. நான் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தேன். வீட்டில் கீரை வாங்கினால் நானும்தான் உப்புத் தண்ணீரில் முக்குகிறேன். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். உப்பு ஆகாது என்பது கண்ணாடிக் குடுவைக்கும் என் கைக்கும் சொன்ன சட்டம் என்றே நான் நினைத்திருந்தேன். கொத்தமல்லிக்கும் அது சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர் நீலமானது. மேடம் நம்பவில்லை. இன்னொரு கட்டிலிருந்து எடுத்தது, அதுவும் நீலம். இன்னும் ஒன்று, அதுவும். ஜன்னலுக்கு வெளியே கொத்தமல்லிக்காரர் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமே வரவில்லை அவருக்கு. "அடிக்கலம்மா. எம் புள்ளைங்க மேல சத்தியமா அடிக்கல" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பின்னால் நின்றவர்களில் ஒருவன், "நீலத்துக்கு அப்பறம் என்னாய்யா சத்தியம், நகரு, எங்க வண்டி நிக்குது" என்றான். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். அவ்வளவு தூரம் திரும்பக் கொண்டுபோனால் வாடிவிடும், சந்தையும் முடிந்திருந்தது. சாலையோரம் மண் குவித்திருந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டம்மா ஒவ்வொரு கட்டாக வாங்கி, எறியாமல், அடுக்கி வைத்தாள். போகிற வருகிற மாடுகள் தின்றன. மேடம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "என் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணாரே அக்கா, எப்படி மனசு வந்துது அவருக்கு?" என்றது. அவர் ஏமாற்றிவிட்டதாகத்தான் அன்று அது நினைத்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றுதான் பட்டது. தண்ணீர் பொய் சொல்லாது என்று அந்த அளவுக்கு நம்பியிருந்தோம்.

சில நாள் கழித்து, டீ குடிக்கிற நேரம். மழை பிடித்திருந்தது, வண்டி எதுவும் வரவில்லை. பேச்சுவாக்கில் அந்த வீட்டம்மா ஞாபகம் வந்து, "பாவம் மேடம், அவ்வளவு கொத்தமல்லியையும் ஒத்தை ஆளாக் கல்லுப்புத் தண்ணில முக்கி எடுத்துச்சாம், கையெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு" என்றேன். அப்படியே சொன்னேன், ஒரு கஷ்டத்தைச் சொல்கிற மாதிரி. மேடம் டம்ளரைக் கீழே வைத்தது. என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது. "உப்பா?" என்றது. எழுந்து போய், மருந்தே காணாத எங்கள் கம்பெனித் தோட்டத்து முருங்கைக்கீரையை ஒரு கை பறித்துக்கொண்டு வந்தது. கான்டீனில் ஒரு பிடி உப்பு வாங்கி வரச் சொன்னது. அந்த அறைக்குள் உப்பு வந்தது அன்றுதான், அதுவும் என் கையால். கீரையை உப்புத் தண்ணீரில் முக்கி, உதறி, சாறெடுத்துச் சிவப்பில் விட்டது. கத்தரிப்பூ நிறம் வந்தது. பிறகு நீலம். அதே நீலம். மேடம் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடியே நின்றது. "உப்புக்கும் ஒட்டிக்கிடும்னு எனக்குத் தெரியுமே அக்கா. தெரிஞ்சுதானே உங்களை விரட்டி விரட்டிக் கை கழுவச் சொன்னேன். சரக்கு வரும்போது அதுக்கு ஒரு சோதனை வச்சிருக்கணும்லா. வைக்கலியே." ஃப்ரிட்ஜில் மிச்சம் வைத்திருந்த கொத்தமல்லியைப் பெங்களூர் மெஷினுக்கும் அனுப்பியது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. மருந்து ஒன்றுமே இல்லை.

மேனேஜர் அறையில் நடந்ததை நான் டீ கொண்டுபோனபோது கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் பேசினார். "சிம்பிள் மேடம். சாம்பிளை அந்த ஆளே உப்புல ஊறவெச்சுக் கெடுத்துட்டான்னு எழுதிக் குடுங்க. தப்பு அவன்மேல போயிடும். உங்க டெஸ்ட்டும் நிக்கும், நீங்களும் நிப்பீங்க." மேடம், "அவங்க கீரை கழுவுனாங்க சார். எல்லா வீட்லயும் கழுவுறாப்ல. அதுகூடத் தெரியாத டெஸ்ட்டு நான் பண்ணது. தப்பு எம்மேலதான்னு எழுதுதேன். அவர் சரக்கைத் திரும்ப வாங்குங்க" என்றது. "அப்படி எழுதினா இதுவரைக்கும் திருப்பி அனுப்புன வண்டிக்காரனுங்க எல்லாம் கேட்டுக்கு வந்து நிப்பானுங்க. தெரியுமா?" என்றார் அவர். "தெரியும் சார்" என்றது மேடம். நான் டீயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மேடம் அப்படியேதான் எழுதிக் கொடுத்தது. கம்பெனி கொத்தமல்லிக்காரரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த அறையைத்தான் பூட்டினார்கள். இனிமேல் எல்லாம் பெங்களூர் மெஷினுக்கே போகட்டும் என்றார்கள். மேடத்துக்கு அந்த மாதத்தோடு வேலை இல்லை. எனக்குத் திரும்பவும் பீன்ஸ் பொறுக்குகிற இடம் கிடைத்தது. என் பெயரை யாரும் எதிலும் இழுக்கவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு எனக்குப் புடவைகூடக் கொடுத்தார்கள்.

ஊருக்குப் போகிறதற்கு முன்னால் மேடம் என்னைக் கேட்டது, "அவங்க வீட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வருவோமா அக்கா? நேர்ல சொல்லிரணும். உப்புதான் காரணம்னு சொன்னா மனசு ஆறும்லா, அடுத்த தடவை வேற எங்கயும் குடுக்கும்போதும் ஜாக்கிரதையா இருப்பாங்க." தேன்கனிக்கோட்டையில் மாறி, அஞ்செட்டியில் பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்து போனோம். கொல்லையில் மாடு கட்டியிருந்தது. கொத்தமல்லி இருந்த பாத்தியெல்லாம் மேய்ந்து முடிந்திருந்தது. வாசலில் அவருடைய அண்ணன்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நுழையும்போதே ஒரு அண்ணன், "வந்துட்டாங்கப்பா தங்கத்தண்ணி" என்றான். இன்னொருவன், "மருந்தடிச்சிருந்தா சந்தையிலயாச்சும் போயிருக்கும். பொம்பளை பேச்சைக் கேட்டு இவன் கெட்டான்" என்றான். எந்தப் பொம்பளை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கண் வீட்டுக்குள் போயிற்று. கொத்தமல்லிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

மேடம் நேராகப் பேச்சைத் தொடங்கவில்லை. முற்றத்தில் சிமெண்ட் தொட்டி இருந்தது, மாடு தண்ணீர் குடிக்கிறது. காய்ந்துபோய், விளிம்பு நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது. மேடம் அதன் பக்கத்தில் போய் நின்று, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தது. அந்த நேரம்தான் வீட்டம்மா வெளியே வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அண்ணன்மார்களைப் பார்த்துப் பேசினாளா, எங்களைப் பார்த்துப் பேசினாளா தெரியாது. "எல்லாம் என்மேலதான் சொல்றாங்க. என் வேலைல என்னா குறை? நான் கழுவுன கழுவுல ஒரு பூச்சி இருந்துச்சா? எங்காச்சும் ஒரு மண்ணு இருந்துச்சா? என் கையி சுத்தம். அந்தத் தண்ணிதான் பொய்யி." அவ்வளவு கூட்டத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கழுவல் ஒன்றுதான். மேடம் வாயைத் திறந்தது. சொல்ல வந்ததை அது விழுங்கியதை நான் பார்த்தேன். "ஆமாக்கா" என்றது. "நீங்க சொல்லுததுதான் சரி. உங்க கொத்தமல்லில மருந்து இல்ல. எந் தண்ணிதான் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்." உப்பு என்ற வார்த்தை அதன் வாயிலிருந்து வரவே இல்லை. அண்ணன்மார் பக்கம் திரும்பி அதையே இன்னொரு முறை சொன்னது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வீட்டம்மா அப்படியே நின்றாள். பிறகு குனிந்து மண்ணை அள்ளினாள். "நின் மனெ ஹாளாக!" என்று கத்திக்கொண்டே மேடத்தின் மேல் வீசினாள். வீசிவிட்டு உட்கார்ந்து அழுதாள். கொத்தமல்லிக்காரர் எழுந்து வந்து அவளைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேடம் புடவையில் இருந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. நடந்து வரும்போது, "என்னக்கா சொல்லிச்சு அது, கன்னடத்துல?" என்று கேட்டது. உன் வீடு பாழாய்ப் போக என்று அர்த்தம். ஒசூரில் இருக்கிற எனக்குத் தெரியாமலா இருக்கும்? "வயித்தெரிச்சல்ல என்னமோ சொல்லுது மேடம், விடுங்க" என்றேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மேடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உப்பு விஷயத்தை அவங்களுக்குச் சொல்லிராதீய அக்கா. அந்த அண்ணன்மாருக்குத் தெரிஞ்சுதுன்னா ஆயுசுக்கும் அதைச் சொல்லியே கொன்னுபோடுவாங்க. என்னைத் திட்டட்டும். நான் நாளைக்கு ஊருக்குப் போயிருதேன், எனக்கென்ன?" நான் தலையாட்டினேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இந்தக் குப்பியைக் கொடுத்தது. கடைசியாகக் காய்ச்சின தண்ணீர். "மூடியைத் திறக்காதீய. உப்புப் படாம இருந்தா உங்க பேரப்புள்ளைக காலம் வரைக்கும் செவப்பாவே இருக்கும்" என்றது. பஸ் கிளம்பினபோது கை காட்டினேன். மேடம் ஊர் எது, தெரு எது என்று கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருடமே கொத்தமல்லிக்காரர் நிலத்தை அண்ணன்மாருக்கு விட்டுவிட்டு, ஒசூரில் ஒரு ஃபேக்டரிக்கு வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் வீடு பிடித்தார்கள். வீட்டம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். ஒசூரில் அவளுக்குத் தெரிந்தது நான் ஒருத்திதான். அக்கா அக்கா என்று அவள் என்னிடம் காட்டிய பிரியத்தைக் கூடப்பிறந்தவள்கூடக் காட்டியதில்லை. எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். சந்தையில் கீரை மலிவாகக் கிடைத்தால் எனக்கும் சேர்த்து வாங்கி, உப்புத் தண்ணீரில் முக்கி, உதறிக் கொண்டுவந்து கொடுப்பாள். "அப்படியே வேக வைக்கலாம்க்கா, என் கையி சுத்தம்" என்பாள். கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் மேடத்தில்தான் வந்து நிற்கும். "அந்த நெட்டைச்சி நல்லா இருப்பாளா அக்கா? நிலத்தில நின்ன மனுசன கேட்டுல நிக்க வெச்சாளே." நான் கீரையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இல்லை என்று சொல்ல வாய் வரை வரும். சொன்னால் இவள் என்ன ஆவாள் என்று நினைப்பேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண் எங்கோ இருந்துகொண்டு வசவு வாங்குகிறதே என்றும் நினைப்பேன். இவளுக்காக மேடத்தைத் திட்ட விட்டேன். மேடத்துக்குக் கொடுத்த வாக்குக்காக இவளைத் தினமும் ஏமாற்றினேன். இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப்போய் இரண்டு பேரிடமும் நான் உண்மையாக இருந்ததில்லை. ஒருமுறை அவள் இந்தக் குப்பியைப் பார்த்து, "என்னக்கா இது, அழகா கீது?" என்று கேட்டாள். "மருந்து" என்றேன்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் கொத்தமல்லிக்காரர் வந்தார். இப்போது அவருக்குக் கண் முன்போலத் தெரிவதில்லை. அவள் எனக்கென்று எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் சல்லடையைக் கொண்டுவந்து கொடுத்தார், கீரை அலசுகிறது. நான் டீ போட எழுந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அது அந்தம்மா தண்ணிதானே?" என்றார். என் கையில் பால் பாத்திரம். ஆமாம் என்றேன்.

"உப்புதானுங்களே?" என்றார் பிறகு.

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? அந்தம்மா எங்க தொட்டிய நக்கிப் பாத்துச்சு. நான் கயிறு திரிச்சுக்கினு பாத்துக்கினுதான் இருந்தன். என்னமோ சொல்ல வந்துச்சு, இவ பேசுனதும் நிறுத்திக்கிச்சு. அன்னிக்குப் புரியல. கேட்டுல நைட்டு பகலா உக்காந்துக்கினு இருந்தா எல்லாம் புரியுது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவகிட்டச் சொல்லியிருந்தா அழுதே போயிருப்பா. அதான் சொல்லல. ஆனா இவ திட்டறப்பல்லாம் நான் பக்கத்துல உக்காந்து சோறு துன்னுக்கினுதான் இருந்தன். ஒரு வார்த்த, விடுடி, அது பாவம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அதுக்கு உப்பைச் சொல்லணும்னு இல்லியே."

அந்த வார்த்தை எனக்கும்தான். உப்பைச் சொல்லாமலே, விடு தங்கச்சி என்று நானும் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். அது எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றவே இல்லை. முழுக்கச் சொல்வதா முழுக்க மறைப்பதா என்று மட்டுமே புழுங்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா இப்ப எங்க கீதுன்னு தெரியுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். குப்பியைக் காட்டி, எடுக்கலாமா என்று கையால் கேட்டார். சிங்க்கில் கீரை உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது, அவள் காட்டிக்கொடுத்த அதே அளவு உப்பு. நான் கையைக் குழாயில் கழுவினேன். அது போர் தண்ணீர் என்று ஞாபகம் வந்தது. கேன் தண்ணீரை மொண்டு மறுபடியும் கழுவி, புடவையில் துடைக்காமல் காற்றில் காய விட்டு, பிறகுதான் குப்பியை இறக்கினேன். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில், மேடம் பிடிக்கிற மாதிரியே, தூக்கிப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இன்னும் செவப்பாத்தான் கீது" என்றார்.

"அதுல உப்பு படலீங்க" என்றேன்.